புல் முடிந்த பாதை

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புரட்டாசி மாதம் ஊவா மலைகளுக்கு ஓர் இடைவேளை. ஆடி, ஆவணியில் வறண்ட கச்சான் காற்றுப் பட்டுத் தேயிலைக்கு மணம் ஏறும் காலம் முடிந்துவிடும். ஐப்பசி மழை இன்னும் இறங்கியிருக்காது. லுணுகலையிலிருந்து தூரப் பயணம் போவதென்றால் அந்த நாட்களில்தான் போக வேண்டும். மழை இறங்கிவிட்டால் எங்கள் வீதிகளை நம்ப முடியாது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்ததும் இந்தப் பருவத்தில்தான்.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதம் முந்திய ஒரு மாலையில் என் அக்காள் மகன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு காகிதம்.

"மாமா, நானும் கூட்டாளியும் பைக்ல தேவேந்திரமுனை வரைக்கும் போறோம். மழைக்கு முந்தி போயிட்டு வந்திரணும். பட்டியல் சரியான்னு பாருங்க."

தேவேந்திரமுனை இலங்கையின் தென்கோடி. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. பசறை, படல்கும்புர, புத்தல, கதிர்காமம், அம்பாந்தோட்டை என்று போனால் 200 கிலோமீற்றருக்கு மேல் வரும். தேயிலை மலையில் புறப்பட்டுக் கடலில் முடிகிற பாதை அது. இருபத்து நான்கு வயதாகியும் அவன் கடலைக் கண்டதில்லை.

பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஞ்சின் எண்ணெய் மாற்றியாயிற்று. டயர் புதிது. உபரியாக ஒரு பிளக், பிரேக் வயர், டியூப், காற்றடிக்கும் பம்ப். இருவருக்கும் தலைக்கவசம், மழைக்கோட்டு. சாரதி அனுமதிப்பத்திரமும் காப்புறுதிக் கடிதமும் நனையாமல் பொலித்தீன் பையில். செயின் நடுவே விரலால் தூக்கினால் ஓர் அங்குலம் அளவுக்குத்தான் அசைய வேண்டும். கூடுதலாகத் தொங்கினால் பற்சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும் என்று அவனே எனக்கு விளக்கினான்.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. பாதையைக் கேட்டாயா?"

"போன்ல மேப் இருக்கு மாமா."

நேயர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது.

என் இளவயதில் நானும் ஒரு நண்பரும் இரவல் மோட்டார் சைக்கிளில் இதே பாதையால் கதிர்காமம் ஆடித் திருவிழாவுக்குப் புறப்பட்டோம். பசறையில் தேத்தண்ணீர் குடித்தபோது, பக்கத்தில் நின்ற லொறிச் சாரதி ஒருவர், "தம்பி, இறக்கத்தில கியர்லயே போங்க, நியூட்ரல் போட்டுறாதீங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் பெற்றோலை மிச்சம் பிடிக்கும் ஆசை. இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலில் விட்டேன். எஞ்சின் இழுத்துப் பிடிக்காத வண்டியின் பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழுந்தது. பிரேக் சூடேறி, ஒரு வளைவில் பிடிக்காமலே போயிற்று. கானுக்குள் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. பின்னால் இருந்த நண்பருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அவர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். எலும்பு கூடியது, கத்தியை ஓங்கும் பலம் திரும்பவில்லை. பிறகு காவல் வேலைக்குப் போனார். இறக்கும்வரை என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அந்த லொறிச் சாரதியின் சொல்லைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு பத்துப்பாட்டில் மலைபடுகடாத்தைப் படிக்கும்போது அவர் என் முன்னே வந்து நின்றார். 583 அடிகள் கொண்ட இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான். நாம் பள்ளிக்கூடத்தில் ஆற்றுப்படை என்றால் வள்ளலைப் புகழ்வது என்று படித்து முடித்துவிட்டோம். ஆனால் இந்தப் பாட்டில் பெரும்பகுதி பாதையைப் பற்றியது. பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு நடவுங்கள் என்கிறான். குழிகளில் பாம்பு கிடக்கும். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள். பாசி பிடித்த பாறை வழுக்கும், பற்றிக்கொண்டு நடவுங்கள். இவையெல்லாம் போய் வந்தவனுக்கு மட்டுமே தெரிந்த செய்திகள்.

இன்னும் ஒன்று சொல்கிறான். பாதைகள் பிரியும் இடத்துக்குப் பழந்தமிழில் கவலை என்று பெயர். அங்கே வந்தால், சரியான வழியைத் துப்புரவாக்கி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். அந்த முடிச்சு போகிறவனுக்குப் பயன்படாது. பின்னால் வருகிறவனுக்குத்தான்.

இதைச் சொல்லும்போது எங்கள் ஊரார் மனத்தில் வேறொரு நாள் வரும். 2021 மார்ச் 20 ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13 ஆம் கட்டையில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். சரிந்த பாறை ஒன்று அந்த இடத்தில் வீதியை ஒடுக்கிக் கிடந்தது. அவ்வழியே போன நாங்கள் எல்லோரும் அதைக் கண்டவர்கள்தான். கண்டு, ஒதுங்கி, கடந்து போனவர்கள். அந்தக் குற்ற உணர்வு எனக்கும் உண்டு.

மருமகனுக்கு இவ்வளவையும் சொன்னேன். "படம் பாதையைக் காட்டும். நேற்றுப் பெய்த மழையைக் காட்டுமா? ஒவ்வொரு கடையிலும் நிறுத்தி, எதிரே வருகிறவனைக் கேள். அவன் சொன்னதைச் செய். நீ கண்டதை எழுதிக்கொண்டு வா" என்று ஒரு சின்னக் கொப்பியையும் கொடுத்தேன்.

நான்காம் நாள் முகம் கறுத்து, உதடு வெடித்து வந்து சேர்ந்தான். "கடல் எப்படியடா?" என்றால் சிரிக்கிறானே தவிரச் சொல்லத் தெரியவில்லை. கொப்பி மட்டும் நன்றாகப் பேசியது. எந்த வளைவில் சல்லிக்கல் உதிர்ந்து கிடக்கிறது, எந்தப் பெற்றோல் நிலையம் நேரத்தோடு பூட்டும் என்றெல்லாம் எழுதியிருந்தான். புத்தலவிலிருந்து கதிர்காமம் போகும் காட்டுப்பாதையைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கம். வாகனக்காரர்கள் தீனி கொடுத்துக் கொடுத்து யானைகள் வீதிக்கு வரப் பழகிவிட்டன. பகலில் மட்டும் போக வேண்டும். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, பெரிய வாகனம் ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். பழம் கொடுக்கக் கூடாது. புத்தலவில் ஒரு சிங்களப் பெரியவர் சொன்னதாம்.

அந்தக் கொப்பியைப் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் கேட்டான். கொடுப்பதற்குள் நவம்பர் வந்தது, புயலும் வந்தது. மழை விட்ட பிறகு மருமகன் கொப்பியை எடுத்து, மலைப்பகுதிப் பக்கங்களின் குறுக்கே கோடு போட்டான்.

"இது இனிமே சரிவராது மாமா. திரும்பப் போய்ப் பாத்துத்தான் எழுதணும்."

நேயர்களே, முடிந்த புல் காய்ந்துவிடும். அதைக் கண்டவன் திரும்ப முடிய வேண்டும். இந்தப் புரட்டாசியில் உங்கள் வீட்டுப் பிள்ளை எவனாவது தெற்கே புறப்பட்டால், செயினையும் பிரேக்கையும் பாருங்கள். அதோடு, அண்மையில் அந்தப் பாதையால் வந்த ஒருவரிடம் அவனைக் கூட்டிப் போங்கள்.