பழைய ஃபோர் பை ஃபோர் பிக்கப்: டயருக்கு முன்னாடி ப்ரேக்

இந்த எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து தொகுத்து, லேசாகத் திருத்திய எழுத்து வடிவம்.

போன எபிசோட்ல போற போக்குல என் பிக்கப்பைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசிட்டேன். அதுக்கு வந்த மெசேஜ் வேற எந்தத் தலைப்புக்கும் வரல. அதுல ஒண்ணை மட்டும் படிக்கிறேன்: "அண்ணா, ஒரு பழைய கேம்பர் ஃபோர் பை ஃபோர் பாத்து வெச்சிருக்கேன். இந்த வாரம் அட்வான்ஸ் குடுக்கப் போறேன். லிஃப்ட் கிட், 31 இஞ்ச் டயர், முன்னாடி இரும்பு பம்பர் எல்லாம் சேத்து எவ்வளவு ஆகும்?" கூடவே நாலு போட்டோ. நாலும் வண்டிக்கு அடியில எடுத்தது. அந்தத் தம்பிக்கு பதில் கடைசியில சொல்றேன். ஏன்னா நானும் இதே வரிசையிலதான் யோசிச்சேன். அதுல என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லிடணும்.

என்னோடது மஹிந்திரா கேம்பர். ரெண்டு வரிசை சீட்டு, பின்னாடி தொட்டி, 2,523 சிசி பழைய டீசல் எஞ்சின். போடி பக்கத்துல ஏலக்காய் தோட்டம் வெச்சிருந்த ஒருத்தர்கிட்ட வாங்கினேன். அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், காலையில அஞ்சு மணிக்கே ஜீப் எல்லாம் வேலையாட்களை ஏத்திக்கிட்டு இடுக்கி மலைக்குக் கிளம்பிடும். நம்ம ஊர் மலைகள்ல ஜீப்புங்கிறது வாரக்கடைசி பொழுதுபோக்கு இல்ல, அது பஸ் போகாத ஊருக்கு பஸ். சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு டூரிஸ்ட்டை ஏத்திட்டுப் போற ஜீப்பும் அந்த வழியில வந்ததுதான்.

தோட்டத்து வண்டியில ஒரு ஏமாத்து இருக்கு. யாரும் வேணும்னு பண்றது இல்ல, வண்டியே நம்மை ஏமாத்தும். மீட்டர்ல 80,000 கிலோமீட்டர்தான் காட்டும். "அட, கம்மியா ஓடியிருக்கே"ன்னு நினைப்போம். ஆனா அந்த 80,000மும் முதல் கியர்லயும் ரெண்டாவது கியர்லயும், உர மூட்டையோட, கல்லு மேல ஓடினது. ஹைவேயில ரெண்டு லட்சம் ஓடின வண்டி அதைவிட நல்லா இருக்கலாம்.

அதனால பாக்கப் போறப்ப நான் இப்ப செய்றது இது. வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு விக்கிறவர்கிட்ட சொல்லிடுவேன். போனதும் பானட்டைத் தொட்டுப் பாப்பேன், சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்க. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு வருதான்னு பாப்பேன். வந்தா ரிங் தேஞ்சிருக்கு, எஞ்சின் வேலை நிச்சயம். அப்புறம் வண்டிக்கு அடியில படுத்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால சேசிஸை நீளத்துக்கும் தட்டிட்டு வருவேன். நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், துருப்பிடிச்ச இடத்துல சத்தம் மட்டுப்படும். அடியில மட்டும் புதுசா கறுப்பு பெயின்ட் பளபளன்னு இருந்தா ரொம்பவே சந்தேகப்படணும். எஞ்சினை மாத்தலாம், கியர் பாக்ஸைப் பிரிச்சு மாட்டலாம். சேசிஸ் போனா வண்டியே போச்சு.

நான் வாங்குனப்ப இதெல்லாம் செய்யல. கலர் பாத்தேன், ஃபோர் வீல் லீவர் பாத்தேன், வாங்கிட்டேன். சேசிஸ் நல்லா இருந்தது என் அதிர்ஷ்டம்.

மதுரைக்குக் கொண்டுவந்த முதல் வாரமே டயர் கடைக்குப் போயிட்டேன். வண்டியில இருந்தது 215/75 ஆர் 15. அதைக் கழட்டிட்டு 31 இஞ்ச் போட்டேன். நாலு டயரும் வேலையும் சேத்து 65,000 ரூபாய். ப்ரேக்குக்கு அன்னைக்கு நான் செலவு பண்ணது பூஜ்யம். பெடலை மிதிச்சா நிக்குது, அப்புறம் என்னன்னு விட்டுட்டேன்.

மூணாவது வாரம் ரெண்டு நண்பர்களோட போடிமெட்டு ஏறினோம். ஏறினப்ப பிரமாதம். இறங்கினப்பதான். அந்த ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. நான் மூணாவது கியர்ல விட்டுட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் ப்ரேக்கை மிதிச்சு மிதிச்சு இறங்கினேன். பாதி வழியில பெடல் கொஞ்சம் மெதுமெதுன்னு ஆச்சு. அடுத்த வளைவுல இன்னும் உள்ள போச்சு. அதுக்கு அடுத்ததுல தரையில போய் முட்டிடுச்சு, வண்டி நிக்கல.

அந்த நேரத்துல மூளை ஓடாது. பெடலை வேகவேகமா அமுக்கினேன், கொஞ்சம் பிடிச்சது. கியரை ரெண்டாவதுல அடிச்சேன், எஞ்சின் அலறிச்சு. ஹேண்ட் ப்ரேக்கை இழுத்துக்கிட்டே பள்ளத்துப் பக்கம் போகாம மலைப் பக்கம் இருக்குற ஓடையில வண்டியை உரசி நிறுத்தினேன். இடது பக்கம் முழுக்கக் கோடு. யாருக்கும் அடி இல்ல. என் பக்கத்துல உக்காந்திருந்தவன் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

பின்னாடி வந்த ஜீப் ட்ரைவர் ஒருத்தர் நிறுத்தி, நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு சக்கரத்துக்கும் கல்லு வெச்சார். வீல் பக்கத்துல மோந்து பாத்தார். "எந்த கியர்ல இறங்குன?"ன்னு கேட்டார். மூணுன்னேன். "ஏறையில எந்த கியரு?" ரெண்டுன்னேன். "ஏறுன கியர்லயே எறங்கணும் தம்பி. அரை மணி நேரம் தொடாம ஒக்காருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சா, பெடல் பழையபடி வந்து நிக்குது!

அது எப்படித் திரும்ப வந்துச்சுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. போடிமெட்டுல இருந்து போடிக்கு சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். ரெண்டு டன் வண்டி அவ்வளவு உயரம் இறங்கணும்னா, அந்த சக்தி எங்கயாவது போய்த்தான் ஆகணும். எஞ்சின் பிடிச்சு இழுக்கணும், இல்லன்னா ப்ரேக் சூடாகணும். நான் மொத்தத்தையும் ப்ரேக் தலையில போட்டேன். நாம ப்ரேக் ஆயில்னு சொல்றோமே, அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கிறது தர அளவு. ஈரம் ஏறினதுக்கு அப்புறம் அந்த அளவு வெறும் 140 டிகிரி. ஆயில் கொதிச்சா குழாய்க்குள்ள ஆவி வந்துடும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால நாம மிதிக்கிற மிதி ஆவியை நசுக்குறதுலயே போயிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகிடும், பெடலும் வந்துடும்.

போடியில ஒரு பட்டறை. மெக்கானிக் அண்ணன் ப்ரேக் ஆயிலை வெள்ளை டப்பாவுல பிடிச்சுக் காட்டினார். வரக்காப்பி கலர்ல இருந்துச்சு. பின் சக்கரத்துல வீல் சிலிண்டர் கசிஞ்சு, ஒரு பக்க ப்ரேக் ஷூ முழுக்க எண்ணெய். மொத்தத்துல பின் ப்ரேக்குல ஒண்ணு சும்மா பேருக்குத்தான் சுத்திக்கிட்டு இருந்திருக்கு. அப்புறம் டயரைப் பாத்தார். "இது எதுக்கு?"ன்னார். நான் கிரவுண்ட் கிளியரன்ஸ்னு ஆரம்பிச்சேன். அவர் சிரிக்கல. ஒரு கம்பியை எடுத்து, "கம்பி நீளமா இருந்தா நுனியை நிறுத்த அதிகம் பிடிக்கணுமா, கம்மியாவா?"ன்னு கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்கு போட்டேன். பழைய டயரோட விட்டம் சுமார் 704 மில்லிமீட்டர், 31 இஞ்ச் சுமார் 787. கிட்டத்தட்ட 12 சதவீதம் பெருசு. அதாவது அதே ப்ரேக் 12 சதவீதம் நீளமான நெம்புகோலை நிறுத்தணும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்துல 67ல போறேன். ரெண்டாவது கியர் எஞ்சின் பிடிப்பும் அதே அளவு குறைஞ்சிடும். ஏற்கெனவே பாதி செத்துப் போன ப்ரேக் மேல நான் காசு குடுத்து இதை ஏத்தி வெச்சிருக்கேன்.

ப்ரேக் வேலை மொத்தமும், மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர், ஷூ, ரப்பர் ஹோஸ், புது ஆயில், கூலி எல்லாம் சேத்து 14,000 ரூபாய் ஆச்சு. டயர் விலையில கால்வாசி கூட இல்ல. டயரை நஷ்டத்துக்கு வித்துட்டு, பழைய சைஸ்லயே ஆல் டெரைன் டயர் போட்டேன். மண் ரோட்டுல காத்தை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினா அதுவே நல்லாப் பிடிக்குது. தார் ரோடு வந்ததும் மறக்காம ஏத்தணும், அதுக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியிலயே கிடக்கு.

லிஃப்ட் கிட் பத்தியும் அண்ணன்கிட்ட கேட்டேன், ஆசை விடல. முதல்ல கமான் பட்டையைப் பாரு தம்பின்னார். வருஷக்கணக்கா மூட்டை சுமந்து பட்டை நேரா படுத்துப் போயிருந்தது. கழட்டி, உடைஞ்ச ரெண்டு பட்டையை மாத்தி, மத்ததுக்குத் திரும்ப வளைவு குடுத்து, புஷ் புதுசு போட்டு மாட்டினார். வண்டி பின்னாடி கிட்டத்தட்ட ரெண்டு இஞ்ச் எழுந்து நின்னுச்சு. நான் காசு குடுத்து வாங்க நினைச்ச உயரம் வண்டியோட சொந்த உயரம்தான். அதுக்கு மேல தூக்கினா ப்ரொபெல்லர் ஷாஃப்ட் சாய்வு மாறி கிராஸ் சீக்கிரம் போகும், ப்ரேக் ஹோஸ் இழுபடும், ஸ்டியரிங் ராடு சாய்வு மாறி பள்ளத்துல விழும்போதெல்லாம் வண்டி தானா திரும்பப் பாக்கும்.

மாடிஃபிகேஷனே வேண்டாம்னு சொல்லல. நான் செஞ்சதுலயே எனக்குப் பிடிச்சது சில நூறு ரூபாய் வேலை. ஆக்ஸில் ஹவுசிங் மேல காத்து போக ஒரு சின்ன துவாரம் இருக்கும். ஓடி ஓடி சூடான ஹவுசிங் திடீர்னு ஓடைத் தண்ணியில இறங்கினா, உள்ள காத்து சுருங்கி அந்த வழியா தண்ணியை உறிஞ்சிடும். அப்புறம் கியர் ஆயில் பால் டீ கலர்ல வரும். ஒரு ரப்பர் குழாயை மாட்டி மேல எஞ்சின் பக்கம் வரைக்கும் ஏத்திக் கட்டிட்டா முடிஞ்சது. வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது, இன்ஸ்டாவுல போட ஒண்ணுமில்ல.

சட்டப் பக்கமும் வேகமா சொல்லிடறேன். கேம்பர் மாதிரி பிக்கப் பொதுவா சரக்கு வண்டியாத்தான் பதிவாகி இருக்கும், மஞ்சள் போர்டு. எட்டு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் எஃப்சி காட்டணும். பின்னாடி தொட்டியில ஆள் ஏத்தக் கூடாது. கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்த முடியாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டுமே கூட வரலாம். இரும்பு பம்பர் மேல நடவடிக்கை எடுங்கன்னு 2017 கடைசியிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. ஆஃப் ரோடுன்னு ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டியை விடுறதும் குற்றம்தான்.

ஸ்பேர் எங்க கிடைக்கும்னு நிறைய பேர் கேட்டீங்க. கதவு, கண்ணாடி, லைட், சீட்டுன்னா சென்னையில புதுப்பேட்டை, கோவையில உக்கடம், தைரியமா பழசு வாங்கலாம். ப்ரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசு வாங்காதீங்க. நான் வாங்க மாட்டேன்.

இப்ப அந்தத் தம்பிக்கு. உங்க மூணாவது போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். பின் கமான் பட்டை சேசிஸ்ல மாட்டுற இடத்துல, பிராக்கெட்டைச் சுத்தி வெல்டிங் தையல் மாதிரி ஓடுது, அது மேல புது கறுப்பு பெயின்ட். அந்த இடம் ஒருதடவை விட்டிருக்கு. போட்டோவை மட்டும் வெச்சு முடிவு சொல்லக் கூடாதுதான், ஆனா என் காசா இருந்தா நான் அட்வான்ஸ் குடுக்க மாட்டேன். அப்படியும் மனசு கேக்கலன்னா, நாளைக்கே பக்கத்துப் பட்டறையில இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய் அந்த இடத்தைத் தட்டிப் பாக்கச் சொல்லுங்க. அவருக்கு ஐநூறு ரூபாய் குடுங்க. என்ன சொன்னார்னு எனக்கு மெசேஜ் போடுங்க.