எரிபொருள் தட்டுப்பாடும் எமது கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் விழா மேடைக்குப் புதியது. எமது வாழ்க்கைக்கோ மிகப் பழையது. பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும் தட்டுப்படும் காலத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பதே அது.

வன்னி மக்களுக்கு எரிபொருள் ஆடம்பரப் பொருளன்று. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் டீசலின்றி நகரா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து புறப்படும் படகின் இயந்திரத்துக்கும் தோட்டத்துக்கு நீரிறைக்கும் பம்பிக்கும் மண்ணெண்ணெய் வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் தூரம் மிகுந்த இந்தப் பகுதியில், நள்ளிரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல ஒரு முச்சக்கர வண்டியில் இரண்டு லீற்றர் பெற்றோலாவது இருக்க வேண்டும்.

1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்தை இங்குள்ள பெரியோர்கள் அறிவார்கள். சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சிறு போத்தலில் பஞ்சும் திரியும் இட்டு, அளந்து ஊற்றிய எண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். விறகையும் நெல்லையும் நோயாளியையுங்கூடச் சைக்கிளே சுமந்தது. இல்லாமையை எப்படித் தாங்குவது என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2022 ஆம் ஆண்டில் வந்த தட்டுப்பாடு வேறு வகையானது. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஆகஸ்டில் 340 ரூபாவாயிற்று. வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி வீழ்ந்து மாண்ட செய்திகள் தெற்கிலிருந்து வந்தன. எமது விசுவமடுவில், ஜூன் 18 ஆம் திகதி இரவு, எரிபொருள் நிலையத்தில் எழுந்த குழப்பம் இராணுவத்தினரின் துப்பாக்கிச் சூடு வரை சென்றது. பொதுமக்கள் நால்வரும் படையினர் மூவரும் காயமடைந்தனர் என்று செய்தி வெளிவந்தது. எண்ணெய் வாங்கப் போனவர்கள் இரத்தம் சிந்தி மீள்வதா?

அன்பர்களே! அது மெய்யான தட்டுப்பாடு; அதற்காக மக்களைக் குறை கூறுவது நீதியாகாது. ஆனால் பதற்றத்தால் மட்டுமே உண்டாகும் தட்டுப்பாடும் ஒன்றுண்டு. ஓர் ஊரில் ஆயிரம் மோட்டார் சைக்கிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ஒரு லீற்றர் போதுமென்றால், அவ்வூருக்கு வேண்டியது ஆயிரம் லீற்றரே. "நாளைக்கு எண்ணெய் வராதாம்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் ஓடி ஏழு லீற்றர் வீதம் நிரப்பினால் ஏழாயிரம் லீற்றர் வேண்டும். 6,600 லீற்றர் கொண்டுவரும் பவுசர் ஒன்று அன்று மாலையே வெறுமையாகும். பொய்யாகச் சொன்ன சொல் மெய்யாகிவிடும்!

செல்வம் மிக்க பிரித்தானியாவிலும் இதுவே நடந்தது. 2021 செப்டெம்பரில் அங்கே எண்ணெய் இருந்தது. அதைக் கொண்டுசெல்லும் சாரதிகளே போதவில்லை. ஆனால் மக்கள் முண்டியடித்துச் சென்றதால் நிலையங்கள் வற்றின. ஒக்டோபரில் இராணுவத்தினரே பவுசர் ஓட்ட நேர்ந்தது. படிப்பும் பணமும் பதற்றத்துக்கு மருந்தல்ல என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் மருந்து யாது? அது எமது வாய்க்காற் கரையிலேயே இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யுமுன் என்ன செய்கிறோம்? குளத்து நீர் எவ்வளவு என்று அளக்கிறார்கள். அரசாங்க அதிபர் தலைமையில் விவசாயிகள் கூடுகிறார்கள். இவ்வளவு நீருக்கு இத்தனை ஏக்கர் என்று எல்லோரும் அறிய முடிவாகிறது. பின்னர் முறைப்படி நீர் பாய்கிறது. நீர் குறைவுதான். ஆயினும் தன் பங்கு இன்னதென்று அறிந்த உழவன் இரவோடிரவாக மதகை உடைக்கப் போவதில்லை. அளவும் முறையும் தெரிந்த இடத்தில் அச்சம் குறைகிறது.

2022 ஆகஸ்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கியூ.ஆர். முறையும் இதே பாடத்தைத்தான் தந்தது. தொடக்கத்தில் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கிட்டார்கள். சிறிய பங்குதான். எண்ணெய்க் கப்பல்கள் வந்தமையும் உதவியது. ஆயினும் தன் பங்கை எவரும் பறிக்கமாட்டார் என்ற நம்பிக்கையே நாட்கணக்கில் நின்ற வரிசையைக் குறுக்கியது. 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அம்முறை நிறுத்தப்பட்டது. ஆனால் வாகன இலக்கமில்லாத பம்பிக்கும் படகுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்பதையும் அக்காலமே காட்டியது.

இளைஞர்களே! அடுத்த முறை இப்படியொரு நிலை வந்தால், நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உறுதியில்லாச் செய்தியைத் தொலைபேசியில் பரப்பாதீர்கள். பிளாஸ்ரிக் கான்களில் பெற்றோலை வீட்டில் பதுக்க விடாதீர்கள். அது வீட்டுக்குள் வைத்த நெருப்பு. பெற்றோல் செட்டில் பத்துப் பேராய் நின்று வரிசையை ஒழுங்கு செய்யுங்கள். நோயாளியை ஏற்றிய வண்டிக்கு முதலிடம் கொடுங்கள். முதியவரை நிழலில் இருத்தி, அவர் முறையைக் காத்துக் கொடுங்கள். உங்கள் நண்பனேயானாலும் பின்வாசலால் வருபவனைத் தடுங்கள்.

பெரியோர்களே! இருப்பு எவ்வளவு, பவுசர் எப்போது வரும் என்பதை நிலையத்து வாசலில் எழுதி வைக்கும்படி அதிகாரிகளிடம் கேளுங்கள். அறுவடைக்கும் கடற்றொழிலுக்கும் உரிய பங்கை முன்கூட்டியே ஒதுக்கும்படி வற்புறுத்துங்கள். மக்களைப் பொறுமையாயிருக்கச் சொல்பவர் உண்மையையும் சொல்லல் வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். கப்பல் வருவதும் வராததும் எம் கையில் இல்லை. வந்த எண்ணெய் அயலவனுக்கும் கிடைக்கச் செய்வது எம் கையில்தான் இருக்கிறது.