கடைச் சாப்பாட்டின் துணைகள்

வடக்கிலிருந்து இரவு முழுவதும் புகையிரதத்திற் பயணஞ்செய்து, விடியற்காலையிற் கொழும்புக் கோட்டை நிலையத்தில் வந்திறங்கிய ஒருவரை நேயர்கள் தம் மனக்கண்முன் கொண்டுவருதல் வேண்டும். கையிற் பெட்டி, வயிற்றிற் பசி. புறக்கோட்டைப் பக்கமாக நடந்து, முதலில் எதிர்ப்பட்ட சாப்பாட்டுக்கடையினுள் நுழைந்து அமர்கின்றார். இடியப்பமும் சொதியும் சம்பலும் அவர் முன்னே வைக்கப்படுகின்றன. எதிரே அமர்ந்திருப்பவர் மூட்டை சுமக்கும் தொழிலாளி. கால் றாத்தற் பாணை நடுவே பிளந்து, வாழைப்பழம் ஒன்றை உரித்து அதனுள் வைத்து, ஒரு கடி பாண், ஒரு மிடறு தேநீர் என்று அவர் உண்கின்றார். வடக்கிலிருந்து வந்தவருக்குச் சிரிப்பு வருகின்றது. பாணுக்கு வாழைப்பழமா துணை?

அந்தச் சிரிப்பை எதிரே இருப்பவர் கண்டுகொண்டால், அவரும் ஒரு கேள்வி கேட்கலாம். யாழ்ப்பாணத்து வீடுகளிற் கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம் வந்தால், அப்பழத்தைப் பிட்டோடு பிசைந்து உண்பதில்லையா? பலா பழுத்தாற் பலாச்சுளையும், அதுவும் இல்லையேல் வாழைப்பழமும் பிட்டுக்குத் துணையாவதில்லையா? அரிசிமாவுக்குப் பொருந்துகின்ற பழம் கோதுமைமாவுக்கு மட்டும் ஏன் பொருந்தாமற் போயிற்று? விடை சொல்வது எளிதன்று. தன் வீட்டிற் கண்டதைப் பொருத்தம் என்றும், அயலான் வீட்டிற் கண்டதை விநோதம் என்றும் மனிதன் எண்ணிக்கொள்கிறான், அவ்வளவே.

வீட்டிலே எதற்கு எது துணை என்பதைத் தாய் தீர்மானிக்கிறாள். கடையிலே அதைத் தீர்மானிப்பவை வேறு. சட்டைப்பையிலுள்ள காசு, வேலைக்குப் போய்ச் சேரவேண்டிய நேரம், கடைக்காரரின் அடுப்பில் அவ்வேளையிற் கொதித்துக்கொண்டிருக்கும் சட்டி ஆகியவையே அவை. ஆதலாற் கடைச் சாப்பாட்டின் இணைகளை ஆராயப் புகுவோர் நாக்கை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. நாட்டின் வரலாற்றேட்டையும் சற்றுப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

பாணையே எடுத்துக்கொள்வோம். அச்சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. 1505ஆம் ஆண்டில் அவர்கள் இத்தீவின் கரையை அடைந்தனர். ஆயினும் பாண் ஊர்தோறும் பரவுவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். இலங்கை மக்கள் உண்ட அரிசியிற் பெரும்பங்கு அதுவரை பர்மாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அது நின்றவுடன் அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசியின் இடத்தைக் கோதுமைமா நிரப்பிற்று. சோறு இல்லாத காலத்துக்கு என வந்த பாண், சோறு கிடைத்த பின்னரும் போகவில்லை. அச்சுப் பாண், றோஸ் பாண் என்று பெயர்களும் பெற்று ஊரவனாகிவிட்டது. கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. 1980இல் திருகோணமலையிற் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின்னரும், அங்கே அரைக்கப்படும் தானியம் கப்பலிலேதான் வருகின்றது.

இவ்வாறு வந்த விருந்தாளிக்குத் துணையாக இந்நாட்டார் எதனை வைத்தார்கள்? வெண்ணெயையும் பழப்பாகையும் அன்று. தேங்காய்ச் சம்பலையும் பருப்புக்கறியையும் வைத்தார்கள். மேல்நாட்டார் ஒருவர் முதன்முதலாக இதனைக் கண்டால் வியப்படைவார். ஆனாற் சம்பலை மெல்லக் கிளறிப் பார்த்தால், அதனுள்ளும் அந்நியரே நிறைந்திருக்கின்றனர். செத்தல் மிளகாயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதனை இப்பக்கம் கொணர்ந்தவர்களும் போர்த்துக்கேயரே. மாசி மாலைதீவிலிருந்து வருவது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த இபன் பதூதா என்னும் யாத்திரிகர், மீனைத் துண்டாக்கி அவித்துப் புகையூட்டிப் பிறநாடுகளுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பற்றி அக்காலத்திலேயே எழுதியிருக்கின்றார். மைசூர்ப் பருப்பு என்று பெயர் சொல்லி வாங்கும் செம்பருப்போ, இந்நாளிற் பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றது. தேங்காய் ஒன்றே உள்ளூரவர் என்று சொல்லலாம். இத்தனை நாட்டாரும் ஒரு பீங்கானிற் கூடி, கூடியது தெரியாமற் கலந்துவிட்டார்கள்.

இந்தக் கூட்டு உடலுக்கும் உகந்தது. கோதுமையிலே லைசீன் என்னும் புரதக்கூறு குறைவு. பருப்பிலே அது மிகுதி. பருப்பிற் குறைவாயுள்ள மெதயோனீன் என்னும் கூறு தானியத்திலே கிடைக்கின்றது. ஆகவே பாணும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவுசெய்கின்றன. பாணைப் பருப்பிலே தோய்த்து உண்ணத் தொடங்கிய முதற் தொழிலாளி இரசாயனம் படித்தவரல்லர். இறைச்சிக்குக் காசில்லை, பருப்பு மலிவு. அதுவே அவர் கற்ற பாடம்.

சம்பலோடு சொதி வருவதற்கும் இத்தகைய காரணம் உண்டு. மிளகாயின் உறைப்பு நீரிற் கரைவதன்று, கொழுப்பிற் கரைவது. உறைப்பேறி நாக்கு எரிகையில் ஒரு குவளை தண்ணீரை விழுங்கினால் எரிவு அடங்குவதில்லை. தேங்காய்ப்பாற் சொதியோ தயிரோ அதனைத் தணிக்கும். வீதியோரத்தில் அன்னாசித் துண்டுக்கும் மாங்காய்க்கும் அம்பரெல்லாவுக்கும் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுக்கிறார்கள். பழத்துக்கு உப்பா என்று முகஞ்சுளிப்போர் உளர். உப்பு கசப்பை அடக்கவல்லது. கசப்பு அடங்கினால் இனிப்பு மேலெழுகின்றது. பள்ளிக்கூட வாயிலில் மாங்காய் வாங்கித் தின்னும் பிள்ளைகள் இதனை எவரும் போதிக்காமலே அறிவார்கள். அவர்களைக் கண்டிக்கும் ஆசிரியர்களும் ஒருகாலத்தில் அறிந்திருந்தவர்களே.

இனி, கடைக்காரரின் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலங்கைச் சாப்பாட்டுக்கடைகளிலே ரொட்டியோ பாணோ பராட்டாவோ வாங்குபவருக்கு, அதனோடு ஒரு சிறு கிண்ணத்திற் குழம்போ பருப்போ காசின்றிக் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. இறைச்சிக்கறி வாங்க வல்லவர் இறைச்சிக்கறியை வாங்குவார். வாங்க வழியில்லாதவர் இரண்டு ரொட்டியை மட்டும் சொல்லிவிட்டு, 'கொஞ்சம் குழம்பு' என்று தாழ்ந்த குரலிற் கேட்பார். நல்ல கடைக்காரர் கேளாத முன்னமே அகப்பையைச் சரிப்பார். மீன்குழம்பும் கோழிக்குழம்பும் பருப்பும் ஒரே பீங்கானிற் கலந்து கிடப்பதைக் கண்டு, இஃதென்ன பொருந்தாச் சேர்க்கை என்று அயல்மேசையார் நினைக்கலாம். அது சுவையறியாமையால் வந்த சேர்க்கையன்று. கறி வாங்காமலே கறியோடு உண்பதற்கு ஓர் ஏழை கண்ட வழி அது.

ஆதலினாற் துணைக்கறி சுருங்கும்போது முதலிற் சுருங்குவது ஏழையின் வயிறே. 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், இறக்குமதிகள் தடுக்கப்பட்டிருந்தபோது, பாணுக்காக மக்கள் விடியுமுன் வரிசையில் நின்றனர். மரவள்ளிக்கிழங்கு பலருடைய வேளைச் சோறாயிற்று. அதே தடையினால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. கொழும்புக்காரருடைய சம்பலின் காரம் வடக்கின் தோட்டக்காரருக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்த காலம் அது. 1977இற் கதவுகள் திறக்கப்பட்டன. அந்த விலையும் வீழ்ந்தது. பின்னர் 2022இன் நெருக்கடியில் மாவின் விலையும் எரிவாயுவின் விலையும் ஏறின. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைக் கடந்தது. அகப்பையாற் சம்பல் அள்ளிய கை கரண்டியால் அள்ளத் தொடங்கினால், கடைக்காரரைக் குறைகூறுதல் எளிது. அவருக்கும் அடுப்பும் பிள்ளைகளும் உண்டு.

கொழும்பிலே கொம்பனித்தெருப் பக்கம் சென்றால் மற்றொரு விநோதத்தைக் காணலாம். பிட்டுக்கு அங்கே துணையாவது மாம்பழமன்று. பாபத் எனப்படும் மாட்டின் இரைப்பைக் கறி. ஒல்லாந்தர் காலத்திற் போர்வீரராயும் நாடுகடத்தப்பட்டோராயும் வந்த மலாய் மக்களின் வழித்தோன்றல்கள் போற்றும் உணவு இது. பிட்டு என்றவுடன் யாழ்ப்பாணத்தவர் கண்ணிற் பழம் தோன்றுகிறது. மலாயர் நாவிற் பாபத் ஊறுகிறது. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் லம்ப்றைஸ் இன்னும் வியப்புத் தருவது. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, பல இறைச்சி கலந்த கறி, உருண்டைப் பொரியல், கத்தரிக்காய் மோஜு, சீனிச்சம்பல், இறால் சேர்ந்த பிளாச்சான் ஆகிய அனைத்தையும் வாழையிலையிற் பொதிந்து, அப்பொதியையே மீண்டும் வெதுப்பி எடுக்கிறார்கள். ஐரோப்பியச் சூளையும் யாவாவின் பிளாச்சானும் இலங்கையின் வாழையிலையும் அந்தப் பொதியிலே சந்திக்கின்றன.

தெற்கே செல்லும் வீதிகளில், திஸ்ஸமகாராமைப் பக்கத்தில், எருமைத்தயிர்ச் சட்டிகளை அடுக்கிவைத்து விற்பார்கள். அதன்மேற் கித்துள் பாணியை ஊற்றி உண்பது அப்பகுதியார் வழக்கம். தயிரைச் சோற்றிலிட்டு உப்புச் சேர்த்துப் பிசைந்தே பழகிய சைவக்கடைக்காரருக்கு இது புதுமையாயிருக்கும். ஆயினும் மட்டக்களப்பார் அதே எருமைத்தயிரோடு வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்த்துப் பிட்டு உண்பவர்கள். அவர்கள் சிரிக்கமாட்டார்கள், இன்னொரு சட்டி கொண்டுவரச் சொல்வார்கள்.

துணைக்கறியைப் பற்றிப் பேசும் இடத்தில், அருகே துணையாய் அமர்ந்து உண்போரைப் பற்றிப் பேசாது விடுதல் பொருந்தாது. வாழைப்பழமும் பாணும் ஒன்றாய் இருக்கலாமா என்று கேட்பதற்கு முன்னர், மனிதனும் மனிதனும் ஒரே வாங்கில் இருக்கலாமா என்ற கேள்வி யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உள்ளே அமர இடம் பெறவில்லை. சிரட்டையிலும் போத்தலிலும் அவர்களுக்குத் தேநீர் ஊற்றப்பட்டது. உள்ளே இருந்தவர் உண்டதும் அதே மாவிற் சுட்ட தோசை. வெளியே நின்றவர் உண்டதும் அதுவே. ஆயினும் ஒருவருடைய தேநீருக்குக் கோப்பை துணை. மற்றவருடைய தேநீருக்குச் சிரட்டை துணை. விநோதமான சேர்க்கை என்று எதையேனும் சொல்லவேண்டுமானால் இதனையன்றோ சொல்லவேண்டும்? சிறுபான்மைத் தமிழர் மகாசபையார் 1950ஆம் ஆண்டுகளிலே தேநீர்க்கடைப் பிரவேசத்தை நடத்தினர். 1957இற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் வந்தவுடன் எல்லா வாங்குகளும் பொதுவாகிவிடவில்லை. 1960களின் பிற்பகுதியிலும் மக்கள் போராடவேண்டியிருந்தது. இன்று அக்கடைகளில் அமர்ந்து வடை கடிக்கும் இளைஞர் பலர் அந்த வாங்கின் வரலாற்றை அறியார்.

இதே வடக்கில் 1990இன் பின்னர் பொருளாதாரத் தடை இருந்தபோது, சீனி அரிதாயிற்று. பனங்கட்டி மீண்டும் தேநீருக்குத் துணையாய் வந்தது. அதனைக் கரைத்துக் குடிப்பதில்லை. உள்ளங்கையிலே சிறு துண்டை வைத்து, ஒரு கடி கடித்து, வெறுந்தேநீரை ஒரு மிடறு உறிஞ்சவேண்டும். இனிப்பு நாவிலே தங்கியிருக்க, தேநீரின் துவர்ப்பு அதன்மேற் கடந்துபோகும். சில நேயர்கள் இன்று சீனி தாராளமாய்க் கிடைக்கும்போதும் அவ்வாறே குடிக்கிறார்கள். தெற்கின் கிராமங்களிலே கித்துட் கருப்பட்டியை இவ்வாறே கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பது பழைய வழக்கம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்காமலே இருபக்கத்தாரும் ஒரே முறையிற் கோப்பையைப் பிடித்திருக்கின்றனர்.

புறக்கோட்டைக் கடையிலே அமர்ந்த பயணியை மறந்துவிடலாகாது. இடியப்பம் முடிந்தது. சொதியின் கடைசித் துளியையும் அவர் வழித்து உண்டுவிட்டார். பணியாள் சிற்றுண்டித் தட்டத்தைக் கொணர்ந்து மேசையில் வைக்கின்றான். றோல்ஸ், பற்றிஸ், வடை என்று பத்துப் பன்னிரண்டு அதில் இருக்கும். தின்றவற்றுக்கு மட்டும் காசு. மீந்தவை அடுத்த மேசைக்குப் போகும். அவர் அத்தட்டத்தைத் தொடவில்லை. எதிரே இருந்த தொழிலாளி எழுந்து சென்றுவிட்டார். வாழைப்பழத் தோல் ஒன்று பீங்கானிற் கிடக்கின்றது. பயணி வாசலிலே தொங்கும் வாழைக்குலையை ஒருமுறை பார்க்கின்றார். பின்பு பணியாளை அழைத்து, "தம்பி, கால் றாத்தல் பாண் இருக்குமோ?" என்று கேட்கின்றார்.