ஏட்டில் மறைந்த முன்னோர்



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சேர்க்கைப் பதிவேடு என் மேசைமேல் விரிந்துவிடும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாயைப் பார்த்து, "பிறந்த தேதி என்ன, அம்மா?" என்று கேட்பேன். "பெருமழை பெய்த வருஷம், ஐயா, தேதி எல்லாம் தெரியாது" என்பார். பிள்ளையின் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வேன். விரல் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியதாகக் கொண்டு, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிடுவேன். அவ்வாறு நான் எழுதிய தேதியொன்றால், ஒரு வேலைக்குரிய வயது வரம்பை எட்டே நாளில் தவறவிட்டதாக, பல ஆண்டுகள் கழித்து ஓர் இளைஞன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனுடைய தாய் மறந்துபோன நாளை நான் கற்பனை செய்து எழுதினேன். அரசாங்கமோ அதனை உண்மையென்று கொண்டது. அன்றிலிருந்து, பழைய ஏடு எதனைப் படித்தாலும் அதனை எழுதிய கை யாருடையது என்று கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தம் குல மரபைத் தேடுவோர் பல்லாயிரவர். அவர்களுள் பலருக்கு வீட்டில் வழிவழியாக வந்த கதை ஒன்று உண்டு. "நம் பாட்டியின் பாட்டி செரோக்கி குலத்துப் பெண்" என்பது அக்கதை. செரோக்கியர் அந்நாட்டுப் பூர்வ குடிகளுள் ஒரு பெரும் சமுதாயத்தார். இக்கதை மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் வேறு சில குடும்பங்களில், கருத்த மேனிக்கும் சுருண்ட கூந்தலுக்கும் காரணம் கூற வேண்டி, ஆப்பிரிக்க முன்னோர் ஒருவரை மறைக்கும் திரையாகவே இக்கதை பிறந்தது. ஆப்பிரிக்கக் குருதி ஒரு துளி இருப்பதாகத் தெரிந்தாலும் பள்ளி, திருமணம், வாக்குரிமை யாவும் பறிபோகும் காலம் அது. ஆகவே இதனை வெறும் பொய் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை.

கதையைச் சோதிக்க முதலில் நாடுவது குடிமதிப்புக் கணக்கு. அந்நாட்டில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை அது எடுக்கப்படுகிறது. முதல் அறுபதாண்டுகள் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதினர். 1850-இல்தான் சுதந்திரமாயிருந்தோர் அனைவரின் பெயர்களையும் எழுதத் தொடங்கினர். அடிமைகளுக்கு? அவர்களுக்குத் தனிக் கணக்கு. அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். கீழே, அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவை வரிசையாக இருக்கும். பெயர் இராது. 1860-இல் அந்நாட்டில் அடிமைகள் ஏறத்தாழ 39 லட்சத்து 50 ஆயிரம் பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் அக்கணக்கில் பெயரற்றவராகவே நிற்கின்றனர். விடுதலைக்குப் பின் எடுத்த 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அவர்கள் பெயர் பெற்றார்கள். தம் முன்னோரைத் தேடும் கறுப்பின மக்கள் பலர் அந்த 1870-ஐ ஒரு சுவர் என்றே சொல்கின்றனர்.

அச்சுவரில் ஒரு சிறு சாளரம் உண்டு. விடுதலை பெற்றோருக்கென 1865-இல் ஒரு சேமிப்பு வங்கி ஏற்பட்டது. 1874-இல் அது நொடித்தது. ஏழைகள் பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பெரும் பகுதி போயிற்று. ஆனால் கணக்குத் தொடங்க வந்தோரிடம், பழைய எசமானர் யார், பிறந்த இடம் எது, தாய் தந்தையர் யார், உடன்பிறந்தார் யார் என்று பல கிளைகளில் கேட்டு எழுதியிருந்தார்கள். பணம் அழிந்தது, அப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

நிறத்துக்கு வருவோம். 1850 முதல் "முலாட்டோ", அதாவது கலப்பினத்தவர், என்ற பிரிவும் கணக்கில் சேர்ந்தது. இதனை யார் தீர்மானித்தது? வீட்டு வாசலில் நின்ற கணக்காளரே. தம் கண்ணுக்குப் பட்டதை அவர் எழுதினார். ஒரே மனிதர் ஒரு பத்தாண்டில் கலப்பினத்தவராகவும் அடுத்த பத்தாண்டில் வெள்ளையராகவும் காணப்படுவது இதனால்தான். 1960 முதலே மக்கள் தம் இனத்தைத் தாமே எழுதும் முறை வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கும் உரிமையோ 2000-இல்தான் கிடைத்தது.

பூர்வ குடிகளின் பட்டியல்களிலும் இதே கதைதான். 1898-க்கும் 1914-க்கும் இடையில், டாஸ் என்பவர் பெயரால் வழங்கும் குழு, செரோக்கி முதலிய ஐந்து சமுதாயங்களின் உறுப்பினரைப் பட்டியலிட்டது. நிலத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது நோக்கம். 2½ லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்க, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரே இடம் பெற்றனர். இலவசமாக நிலம் என்றால் முன்னோர்க்குப் பஞ்சமேது! அப்பட்டியல் இரு கூறானது: "குருதியால் உறுப்பினர்" ஒன்று; அச்சமுதாயத்தாரிடம் அடிமைகளாயிருந்து "விடுதலை பெற்றோர்" மற்றொன்று. தந்தை பூர்வ குடியாயிருந்தும் தாய் ஆப்பிரிக்க வழியினராயிருந்தால், பிள்ளையை இரண்டாம் பட்டியலில் எழுதிவிடுவது வழக்கமாயிற்று. இதன் விளைவு நூறாண்டுக்குப் பின்னும் ஓயவில்லை. 2007-இல் செரோக்கியர் வாக்கெடுப்பு நடத்தி, விடுதலை பெற்றோரின் வழியினரை உறுப்புரிமையிலிருந்து நீக்கினர். 1866-ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சுட்டி 2017-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. 2021-இல் செரோக்கியரின் உச்ச நீதிமன்றமே "குருதியால்" என்ற சொல்லைத் தம் அரசியலமைப்பிலிருந்து நீக்கிற்று.

"இரத்தத்தைச் சோதித்தால் போகிறது!" என்று நீங்கள் கூறலாம். இப்போது உமிழ்நீரே போதும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கொள்ளுப் பாட்டி ஒருவரின் மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு நமக்கு வரும். ஏழு தலைமுறை மேலே சென்றால் 128-இல் ஒரு பங்கு. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பத்துத் தலைமுறைக்கு மேலே 1,024 முன்னோர் உளர். அவர்களுள் பலரிடமிருந்து ஒரு துணுக்கும் நமக்கு வந்திராது. சோதனையில் காணவில்லை என்பதால் அப்பாட்டி இல்லை என்று ஆகிவிடாது. மேலும், செரோக்கியர் முதலிய சமுதாயங்கள் இச்சோதனையைக் கொண்டு யாரையும் சேர்ப்பதில்லை. பட்டியலில் உள்ள ஒருவரின் வழிவந்தவர் என்று காட்டுவதையே கேட்கின்றன.

எனினும் சோதனை சில இடங்களில் பேசத்தான் செய்கிறது. டென்னிசி மாநிலத்து மலைப்பகுதியில் மெலஞ்சியன் எனப்படும் ஒரு மக்கட் கூட்டம் உண்டு. தாங்கள் போர்த்துகீசியர் வழியினர் என்றும், பூர்வ குடிகள் என்றும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்தனர். 2012-இல் வெளியான மரபணு ஆய்வொன்று, அவர்களுடைய தந்தைவழிகளுள் பல ஆப்பிரிக்காவிலிருந்தும், தாய்வழிகள் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை எனக் கண்டது. இதற்குப் பழைய சட்டமொன்றில் விளக்கம் கிடைக்கிறது. பிள்ளை அடிமையா, சுதந்திரமானதா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662-இல் வர்ஜீனியா விதித்தது. அடிமைத் தாயின் பிள்ளைகளை எசமானரின் சொத்தாக்கவே அவ்விதி. ஆனால் அதே விதிப்படி, வெள்ளைத் தாய்க்கும் ஆப்பிரிக்கத் தந்தைக்கும் பிறந்தோர் அடிமையாகவில்லை. அத்தகைய குடும்பங்கள் மெல்ல மெல்ல மலைப்பக்கம் நகர்ந்தன.

இடையில் ஒன்று. "இந்தியர்" என்ற சொல்லே அந்த ஏடுகளில் மயக்கம் தருவது. கொலம்பஸ் செய்த பிழையால் பூர்வ குடிகளும் இந்தியர். நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவரும் இந்தியர். வர்ஜீனியாவின் 1635-ஆம் ஆண்டு ஏடொன்றில் "கிழக்கிந்தியர்" என்ற குறிப்போடு டோனி என்று ஒருவர் பெயர் காணப்படுகிறது. அவர் எந்த ஊரிலிருந்து போனாரோ, தாய் இட்ட பெயர் யாதோ! அத்தகையோரின் பிள்ளைகள் பின்னர் "நிறத்தவர்" என்ற ஒரே சொல்லில் கரைந்துபோயினர்.

அந்த வர்ஜீனியாவில் ஏட்டின் கொடுமை உச்சம் கண்டது. 1924-இல் அங்கே இனத் தூய்மைச் சட்டம் வந்தது. வெள்ளையர், நிறத்தவர் என இரண்டே பிரிவு. இரு பிரிவினரும் மணந்துகொள்ளலாகாது. அதிலும் ஒரு வேடிக்கை. மாநிலத்தின் பெருங்குடும்பங்கள் சில, 1614-இல் ஜான் ரோல்ஃபை மணந்த பூர்வ குடிப் பெண் போகஹாண்டசின் வழியினர் என்று பெருமை பேசுபவை. அவர்கள் வெள்ளையராகவே இருக்கும்பொருட்டு, பதினாறில் ஒரு பங்குக்கு மேற்படாத பூர்வ குடிக் குருதி குற்றமன்று என விலக்கு அளித்தார்கள்!

1912 முதல் 1946 வரை அம்மாநிலப் பிறப்பு இறப்புப் பதிவுகளுக்குத் தலைவராயிருந்தவர் வால்டர் பிளெக்கர் என்னும் மருத்துவர். வர்ஜீனியாவில் பூர்வ குடிகளே மிஞ்சவில்லை, அப்பெயரில் இருப்போர் ஆப்பிரிக்கக் கலப்புடையோரே என்பது அவர் கொள்கை. "இந்தியர்" என்றிருந்த பிறப்புச் சான்றுகளில் "நிறத்தவர்" எனக் குறிப்பு எழுதுவித்தார். 1943-இல் ஐயத்துக்குரிய குடும்பப் பெயர்களை வட்டம் வட்டமாகப் பட்டியலிட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார். துப்பாக்கி வெடிக்கவில்லை, மை மட்டுமே செலவாயிற்று. பின்னாளில் அக்குடிகள் கூட்டாட்சியின் அங்கீகாரம் கோரியபோது, இடையறாது வாழ்ந்துவந்ததற்கு ஏட்டுச் சான்று வேண்டப்பட்டது. அந்தச் சான்றுதானே அழிக்கப்பட்டது! மொனாக்கன் முதலிய ஆறு குடிகளுக்குக் காங்கிரஸ் சபை தனிச் சட்டம் இயற்றியே 2018 ஜனவரியில் அங்கீகாரம் வழங்க நேர்ந்தது.

அதே மாநிலத்தில் மில்ட்ரெட் என்ற இளம்பெண், ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளை இளைஞரை மணக்க விரும்பினார். 1958 ஜூனில் இருவரும் வாஷிங்டன் நகரம் சென்று மணந்து திரும்பினர். ஜூலையில் ஓர் இரவு, படுக்கையறையிலேயே கைது செய்யப்பட்டனர். 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என அறிவித்தது அவர்கள் வழக்கில்தான். அவ்வழக்கின் ஏடுகளில் அப்பெண் நீக்ரோ இனத்தவர். வாஷிங்டனில் பெற்ற திருமண உரிமத்தில் அவர் இனம் "இந்தியர்" என்றிருக்கிறது. 2008-இல் அவர் காலமாகும் வரை இரு தாள்களும் அப்படியே இருந்தன; இன்றும் இருக்கின்றன.