மாட்டுக்கு வாங்கிய மருந்து மகனுக்கு ஆகுமா?

"மாட்டுக்கு வாங்கினதிலே மிச்சம் இருக்குதுங்க. பையனுக்குக் காய்ச்சல். பாதி கொடுக்கட்டுமா?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார்கள். நான் மாட்டு டாக்டர். "வேண்டவே வேண்டாம்" என்றேன். ஏன் என்று உங்களுக்கும் சொல்கிறேன்.

அது டெட்ராசைக்ளின் வகை மருந்து. இந்த வகையில் முதலாவதான ஆரியோமைசின் 1948-ல் வெளிவந்தது. அதைக் கண்டுபிடித்த அமெரிக்க ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நல்ல மருந்துதான். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு: சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும்.

எட்டு வயதுக்குள் பிள்ளைகளுக்குப் பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். அங்கே போய் ஒட்டினால் முளைக்கிற பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரும். எந்தப் பல்பொடிக்கும் போகாது. கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் பல்லுக்கும் இதே கதிதான். இதே இனத்து டாக்சிசைக்ளினில் இந்தத் தொல்லை குறைவு. சில காய்ச்சல்களுக்குச் சிறு பிள்ளைகளுக்கும் சில நாள் கொடுப்பதுண்டு. அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய காரியம்.

பெரியவர்களுக்கும் இதில் சங்கடம் உண்டு. டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் மருந்து பாலிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது நோயை இன்னும் முற்றவைக்கும். எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர் வெயிலில் களை பறித்தால் தோல் தீய்ந்தாற்போல் சிவக்கும். ராத்திரி ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரைமணி நேரமாவது உட்கார்ந்திருங்கள்.

இனி மாட்டுக்கு வருவோம். கன்றுக்குக் கொடுக்கிற பொடியைத் தாய்மாட்டுக்கும் கரைத்து ஊற்றுகிறார்களே, அது தப்பு. அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் தீவனத்தைச் செரிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். மாடு தீனி எடுக்காது. கன்றுக்கு அந்த வயிறு இன்னும் தயாராகவில்லை, அதனால் அதற்கு ஆகிறது. ரத்தக்குழாயில் ஊசியை அவசரமாக ஏற்றினாலோ, மாடு நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடலாம். அங்கும் அதே சுண்ணாம்புக் கதைதான்: ரத்தத்திலுள்ள சுண்ணாம்பை மருந்து திடீரென்று பிடித்துக்கொள்கிறது. மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அது உங்கள் கை வேலையல்ல.

ஊசி போட்ட மாட்டின் பாலிலும் மருந்து இறங்கும். அந்தப் பாலைப் புரை ஊற்றினால் சில சமயம் தயிர் உறையாது. புரையிலுள்ள கிருமியையும் மருந்து கொன்றிருக்கும். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்பாதீர்கள். எத்தனை நாள் பாலைக் கழிக்க வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கும். மாட்டு டாக்டரையும் கேளுங்கள். அதுவரை சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

அந்த அம்மா பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மிச்ச மருந்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.