மூன்று மணி நேரப் பள்ளிக்கூடமும் நம் கடை வாசலும்

(தொரப்பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். ஆசிரியர் தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். பேசும் இடமோ தொரப்பள்ளி. இங்கே நின்று கல்வியைப் பற்றிப் பேசுகிற எவரும் ராஜாஜியைத் தாண்டிப் போக முடியாது.

1878-ல் இந்த ஊரில்தான் அவர் பிறந்தார். தகப்பனார் கிராம முன்சீப். மகனையும் முன்சீப் வேலைக்குப் பழக்கினாரா? இல்லை. ஓசூரில் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், அதற்குப் பிறகு சென்னையில் சட்டப்படிப்பு. முன்சீப் மகன் சேலத்தில் வக்கீலானார், பின்னாளில் கவர்னர் ஜெனரலும் ஆனார்.

அதே மனிதர் 1953-ல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்தபோது என்ன செய்தார்? கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரப் படிப்பு போதும், மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம், இரண்டுக்கும் அதே வாத்தியார்! ஆசிரியர்களைக் கூட்டாமலே பிள்ளைகளைக் கூட்டிவிடலாம் என்பது கணக்கு. அரசிடம் பணமில்லை என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுமை யார் தலையில் இறங்கியது? குயவர் மகன் தலையிலும் சலவைத் தொழிலாளி மகன் தலையிலும்தானே!

குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானம் சட்டமன்றத்தில் 138-க்கு 138 என்று சரிசமமாக நின்றது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் வந்தார், அடுத்த மாதமே திட்டம் போனது.

போனது சரி. நம் கடை வாசலிலிருந்து போனதா?

ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுகிற பையனை எழுப்பிக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் பழமண்டிக்குப் போய்விட்டு வந்திருப்பான். மாலையில் மெக்கானிக் ஷெட்டுக்குப் போகிறவன், இறைச்சிக் கடையில் கல்லாவில் உட்காருகிறவன், எல்லோரையும் பார்த்தாயிற்று. கேட்டால், "அத்தா கூப்பிட்டார் சார்" என்பான். 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போக, விடுமுறையிலும், குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று வழி விட்டுவிட்டார்கள். சட்டம் அனுமதிக்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். பள்ளி நேரத்தில் கண் விழித்திருக்க அவனுக்குத் தெம்பு வேண்டாமா?

எல்லைப் பகுதியில் இருக்கிற நமக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நம் பிள்ளை வீட்டில் உருது பேசுகிறான், தெருவில் தெலுங்கும் கன்னடமும் கேட்கிறான், தமிழ்ப் பள்ளிக்கு வந்தால் பாடப்புத்தகம் தமிழில் இருக்கிறது. அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே மற்றப் பிள்ளைகளைவிட அதிக நாள் பிடிக்கும். மந்தமான பிள்ளை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் மூன்றே மாதத்தில் பிடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வாத்தியாருக்கு நேரம் எங்கே? நான் வேலைக்குச் சேர்ந்தபோது வருகைப்பதிவேடு ஒன்றுதான். இப்போது செல்போனில் வருகை, செல்போனில் தேர்வு விவரம், செல்போனில் பயிற்சி. சிக்னல் கிடைக்காவிட்டால் அதைத் தேடி மாடிக்கு ஓட வேண்டும்! பாதி நேரத்தைச் செல்போன் தின்கிறது, மீதி நேரத்தைப் பிள்ளையின் தூக்கம் தின்கிறது.

2006-ல் சச்சார் குழு என்ன சொன்னது? 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள். அது அகில இந்தியக் கணக்கு, தமிழ்நாட்டில் நம் எழுத்தறிவு அதைவிட எவ்வளவோ மேல் என்பீர்கள். உண்மை. ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா? போராடி 2007-ல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு பெற்றோம். பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்துவிட்ட பையனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பக்கத்தில் ஓசூர் சிப்காட். அந்த ஆலை வாசலில் ஐ.டி.ஐ. சான்றிதழையும் டிப்ளமோவையும்தான் கேட்கிறார்கள், தகப்பனாரின் கடைப் பெயரைக் கேட்பதில்லை.

வியாபாரம் கேவலம் என்று நான் சொல்லவில்லை. படித்துவிட்டு அவனே விரும்பிக் கடைக்கு வரட்டும், கணக்கை இன்னும் நன்றாகப் பார்ப்பான்.

கடைசியாக ஒரு வேலை. கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். குழுவில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டங்களில் நம் ஆட்களைப் பார்ப்பது அபூர்வம். ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதை அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும். வாத்தியாருக்குப் பாடம் நடத்த நேரம் விடுங்கள் என்றும் அங்கேதான் சொல்ல வேண்டும். இங்கே இருப்பவர்களில் யார் யாருக்குப் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதோ அவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள். வீட்டுப் பெண்களின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். எழுதிக்கொள்ள நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.