ஒன்றா, இரண்டா?



கடிதத்தை உறையிலிட்டு அரக்கு முத்திரையும் பதித்தாயிற்று. ஆனால், உரியவர் இவர்தாமா என்று பாராமல், வாசலில் நின்ற யாரோ ஒருவர் கையில் அதைக் கொடுத்துவிட்டால் முத்திரையாற் பயன் யாது?

கணினிகளின் உரையாடலைக் காக்கும் டி.எல்.எஸ். என்னும் நெறிக்கும் இது பொருந்தும். பேச்சைப் பிறர் அறியாதவாறு மறைகுறியாக்குவது அதன் ஒரு பணி. எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதைச் சான்றிதழ் கொண்டு உறுதிசெய்வது மற்றொன்று. பின்னதை விட்டு முன்னதை மட்டும் செய்தால், கள்வனோடு மிக இரகசியமாகப் பேசியவர்களாவோம்.

சி மொழியில் எழுதப்பட்ட லிப்கர்ல் என்னும் செய்நிரல் நூலகத்தின் வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. சுவீடன் நாட்டவரான டானியல் ஸ்ரென்பெர்க் 1998இல் வெளியிட்ட கர்ல் என்னும் கருவியின் உட்பகுதி அது. சான்றிதழை நம்பத்தக்க அதிகாரி ஒருவர் ஒப்பமிட்டாரா என்று பார்ப்பதற்கு அதில் ஓர் அமைப்பு உளது. அதற்கு 1 என்றால் ஆம், 0 என்றால் இல்லை. சான்றிதழிலுள்ள பெயரும் நாம் நாடிய சேவையகத்தின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பதற்கு வேறோர் அமைப்பு. இதற்கோ 2 என்பதே சரியான இலக்கம். 1 என்று கொடுத்தால், ஏதோவொரு பெயர் இருக்கின்றதா என்று மட்டுமே அக்காலத்தில் அது பார்த்தது!

சி மொழியாளர்க்கு 'ஆம்' என்றால் 1. ஆகவே, பாதுகாப்பில் அக்கறைகொண்டவர் அவ்விடத்தில் 'ஆம்' என்றே எழுதினார். தொகுப்பியும் ஆட்சேபிக்கவில்லை. தொடாமல் விட்டிருந்தால் நூலகம் தானாகவே 2 என்று கொண்டிருக்கும். அக்கறையற்றவர் தப்பினார், அக்கறையுள்ளவர் அகப்பட்டார். தம் சொந்தப் பெயருக்கு முறையான சான்றிதழ் பெற்ற எவரும் இடைவழியில் அமர்ந்து, வங்கியைப் போல் நடிக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. எழுதியவரை நான் குறைகூறேன். இலக்கத்தை அவ்வாறு வகுத்ததே கோளாறு.

2012இல் டெக்சாஸ், ஸ்ரான்போட் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர்கள், பணங்கொடுக்கும் செய்நிரல்களிலேயே இக்குறை இருப்பதை வெளிப்படுத்தினர். அவ்வாண்டு நவம்பரில் வந்த 7.28.1ஆம் பதிப்பு, 1 என்பதை ஏற்காது பிழையென்று அறிவித்தது. 2019இல் வந்த 7.66.0 முதல், 1 எனினும் 2 எனினும் ஒன்றே.

0 என்பதன் அபாயம் இன்னும் தீரவில்லை. பரிசோதனைக்காகத் தாமே ஆக்கிய சான்றிதழை நூலகம் மறுத்தவுடன் 0 என்று இட்டு, பின்னர் மறந்துவிடுவோர் பலர். அச்சான்றிதழை நம்புமாறு கோப்பின் பெயரை நூலகத்துக்குக் கொடுப்பதே முறை. டி.எல்.எஸ். 1.0, 1.1 ஆகியவை 2021இல் கைவிடப்பட்டமையால், குறைந்த எல்லையை 1.2 என வகுத்தலும் வேண்டும்.

அமைப்புச் சரியா என்று அறிய விரும்புவோர், வேறு பெயருள்ள சான்றிதழைக் காட்டும் சேவையகம் ஒன்றை நாட்டி, தம் செய்நிரலை அதனோடு இணைத்துப் பார்க்கலாம். இணைப்பு மறுக்கப்படல் வேண்டும்.